பழைய கேம் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

விண்டோஸ் 11இல் பழைய கேம் ஓட மறுத்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். ஐகானை ரைட் கிளிக் செய்து, கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் டிக் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்து ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது என்றும் தெரியாது. கேம் எந்தக் காலத்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். திரையில் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

## முதல் கேள்வி: இது எந்தக் காலத்து கேம்?

பெட்டியின் பின்புறம் அச்சிட்ட தேவைப் பட்டியலே போதும். பெட்டி இல்லையென்றால் வட்டைத் திறந்து பாருங்கள். டாஸ்4ஜிடபிள்யூ.இஎக்ஸ்இ என்ற கோப்பு இருந்தால் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம். ஆட்டோரன்.ஐஎன்எஃப் இருந்தால் விண்டோஸ் 95 அல்லது அதற்குப் பிந்தையது. விண்டோஸ் 3.1 மட்டும் கேட்கும் கேம் என்றால் 16 பிட். டைரக்ட்எக்ஸ் 8, 9 என்று போட்டிருந்தால் எக்ஸ்பி காலத்தது. இந்த நான்குக்கும் வைத்தியம் வெவ்வேறு.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அந்த கேமுக்குப் புதிய இஞ்சின் யாராவது எழுதியிருக்கிறார்களா? டூமுக்கு ஜிஸீடூம், சாக்லெட் டூம். டயாப்லோ முதல் பாகத்துக்கு டெவிலூஷன்எக்ஸ். ரோலர்கோஸ்டர் டைக்கூன் 2க்கு ஓப்பன்ஆர்சிடி2. ஹீரோஸ் 3க்கு விசிஎம்ஐ. சீசர் 3க்கு ஜூலியஸ், அகஸ்டஸ். லூக்காஸ் ஆர்ட்ஸ், சியரா நிறுவனங்களின் சாகச கேம்கள் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கம்விஎம். இவற்றுக்கு உங்கள் வட்டில் உள்ள படம், ஒலி, வரைபடக் கோப்புகள் மட்டும் போதும். பழைய இஎக்ஸ்இ கோப்பைத் தொடவே வேண்டாம். இப்படி ஒன்று இருந்தால் மீதியைப் படிக்காமலே விளையாடப் போகலாம். எங்களைக் கேட்டால் இதுதான் எப்போதும் முதல் தேர்வு. அகலத்திரை, மவுஸ், சேவ் என்று கீழே வரும் தொல்லைகளில் பாதியை அந்த இஞ்சின்களை எழுதியவர்கள் ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறார்கள்.

## "திஸ் ஆப் கேன்ட் ரன் ஆன் யுவர் பிசி"

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. அவற்றை ஓட்டிய என்டிவிடிஎம் என்ற பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே இருந்தது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே இந்தச் செய்தி வந்தால் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் எதைத் தொட்டும் பயனில்லை.

டாஸ் கேம் என்றால், பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குப் போங்கள். மூலப் பதிப்பான 0.74 2010இல் வந்தது. பிறகு சிறு திருத்தங்கள்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் எடுப்பது நல்லது. விண்டோஸ் 3.1ஐயோ 95ஐயோ உள்ளே நிறுவ வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் எடுங்கள். சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு கேமையும் அதற்குள் தனி ஃபோல்டரில் வையுங்கள். பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸ்பாக்ஸ் திறந்ததும் "மவுண்ட் சி சி:\கேம்ஸ்" என்று தட்டி, "சி:" என்று மாறி, கேமின் ஃபோல்டருக்குள் போய் இஎக்ஸ்இ பெயரைத் தட்டினால் ஓடும். முழு சி டிரைவையும் மவுண்ட் செய்யாதீர்கள். உள்ளே தவறாகத் தட்டிய ஓர் அழிப்புக் கட்டளை வெளியே உள்ள உங்கள் உண்மையான கோப்புகளை அழித்துவிடும்.

விண்டோஸ் 3.1 கேம் என்றால் ஓடிவிடிஎம் என்ற சிறிய கருவி இருக்கிறது. அதைப் பிரித்து வைத்து, கேமின் இஎக்ஸ்இயை இழுத்து ஓடிவிடிஎம்டபிள்யூ.இஎக்ஸ்இ மேல் போட்டால் போதும். கேம் தனி விண்டோவிலேயே திறக்கும்.

பலர் சறுக்கும் இடம் வேறு. கேம் 32 பிட், ஆனால் அதை நிறுவும் செட்டப் 16 பிட். விண்டோஸ் 95 காலத்து வட்டுகளில் இது சர்வசாதாரணம். செட்டப் ஓடவில்லை என்றதும் கேமே ஓடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செட்டப்பை ஓடிவிடிஎம் வழியாக ஓட்டிப் பாருங்கள். வட்டில் டேட்டா1.கேப் இருந்தால் அது இன்ஸ்டால்ஷீல்ட் பொதி. அன்ஷீல்ட் கருவியால் நேரடியாகவே பிரித்துவிடலாம். இன்ஸ்டால்ஷீல்ட் 3 என்றால் அதற்கான 32 பிட் இஞ்சினை மாற்றிப் போட்டும் நிறுவலாம். கோப்புகள் பிரிக்கப்படாமல் வட்டில் அப்படியே கிடந்தால் ஃபோல்டரை நகலெடுத்து கேமைத் தொடங்கிப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரி பதிவு கேட்காத கேம்கள் அப்படியே ஓடிவிடும்.

## "வட்டில் இடம் போதாது", "நினைவகம் போதாது"

ஒரு டெராபைட் வட்டு பாதி காலியாக இருக்கும். செட்டப் 80 மெகாபைட் இடம் இல்லை என்று சொல்லும். காலி இடத்தை 32 பிட் எண்ணில் வாங்குகிறது அந்தச் செட்டப். எண் அளவு கடந்ததும் குறையெண்ணாகவோ மிகச் சிறிய எண்ணாகவோ மாறிவிடுகிறது. இங்கே கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் விண்டோஸ் 95 அல்லது 98 தேர்ந்தெடுத்தால் உண்மையாகவே பலன் உண்டு. விண்டோஸ் அப்போது குறைத்த எண்ணைச் சொல்லும். அதுவும் பலிக்காவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் கிரியேட் விஎச்டி கொடுத்து, 1 ஜிபி அளவில் ஒரு மெய்நிகர் வட்டு உருவாக்கி, இனிஷியலைஸ் செய்து, டிரைவ் எழுத்து கொடுத்து, அதில் நிறுவுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் விஎச்டி கழன்றுவிடக்கூடும். கோப்பை டபுள் கிளிக் செய்தால் திரும்ப ஏறிவிடும்.

நினைவகம் போதாது என்ற செய்திக்கும் காரணம் இதே எண் கோளாறுதான். மருந்தும் அதே கம்பாட்டிபிலிட்டி தேர்வுதான்.

## வட்டு உள்ளே இருக்கிறது, ஆனாலும் "வட்டைப் போடுங்கள்" என்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, வட்டின் காப்புப் பூட்டு. 2000ஐ ஒட்டி வந்த பல கேம்கள் சேஃப்டிஸ்க் பூட்டுடன் வந்தன. அதற்கு செக்டிரைவ்.சிஸ் என்ற டிரைவர் வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவே இல்லை. பழைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. அறிகுறி: டபுள் கிளிக் செய்தால் மவுஸ் ஒரு கணம் சுழலும், பிறகு ஒன்றுமே நடக்காது. அல்லது அசல் வட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட அதிகாரபூர்வ ஒட்டை (பேட்ச்) தேடுங்கள். பல கேம்களில் கடைசி ஒட்டு இந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. அது இல்லையென்றால் ஜிஓஜியிலோ ஸ்டீமிலோ அதே கேமை மறுபடி வாங்குவதுதான் சுத்தமான வழி. ஜிஓஜி பதிப்புகளில் பூட்டே இருக்காது. முகவரி தெரியாத தளங்களில் கிடைக்கும் உடைத்த இஎக்ஸ்இகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றுடன் என்ன சேர்ந்து வருகிறது என்று பார்க்க வழியே இல்லை.

இரண்டாவது காரணம் வட்டே. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு ஸ்டோர் ரூமில் இருபது ஆண்டு கிடந்த சிடியில் பூசணம் பிடித்திருப்பது அபூர்வம் அல்ல. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே படிந்த மங்கல் என்றால் துடைத்தால் போகும். மென்துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பளபளப்பான பக்கத்தில் மட்டும், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டமாக விழும் கீறல் தொடர்ந்து வரும் தரவையும் அதன் பிழைதிருத்தத்தையும் சேர்த்தே கெடுத்துவிடும். லேபிள் பக்கத்தில் ஆல்கஹால் படக்கூடாது. தரவு அடுக்கு அந்தப் பக்கத்து மேல்பூச்சுக்கு நேர் அடியில்தான் இருக்கிறது. விளக்கைப் பின்னால் பிடித்தால் ஊசித் துளைகளாக ஒளி தெரிகிறதா? அலுமினியம் போய்விட்டது. அதற்கு மருந்து இல்லை.

படிக்க முடிந்த வட்டை அன்றைக்கே இமேஜ் (முழு நகல் கோப்பு) எடுத்துவிடுங்கள். மடிக்கணினியில் டிரைவ் இல்லாதவர்களுக்கு சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பி டிவிடி டிரைவ் கிடைக்கும். இசைத் தடங்கள் கலந்த சிடி என்றால் கியூ, பின் ஜோடியாக எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓவாக எடுத்தால் பாட்டெல்லாம் தொலைந்துபோகும். எடுத்த பிறகு டாஸ்பாக்ஸில் "ஐஎம்ஜிமவுண்ட் டி" என்று தொடங்கி, கியூ கோப்பின் முழு வழியைக் கொடுத்து, "-டி ஐஎஸ்ஓ" என்று முடியுங்கள். பல சிடி கேம் என்றால் எல்லாக் கியூ கோப்புகளையும் ஒரே வரியில் வரிசையாகக் கொடுத்துவிட்டு, கேம் கேட்கும்போது கன்ட்ரோல் எஃப்4 அழுத்தினால் அடுத்த வட்டு ஏறும்.

ஃபிளாப்பியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். பூசணம் டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் சுரண்டிவிடும்.

## கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது

எண்பதுகளின் கேம்கள் பலவற்றில் கடிகாரமே கிடையாது. செயலி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் எதிரி நகருவான். டாஸ்பாக்ஸில் இதற்குச் செயலியின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள் எண்ணைக் குறைக்க வேண்டும். கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், கன்ட்ரோல் எஃப்12 கூட்டும். தோராயமாக, 8088 காலத்து கேமுக்கு 300, 286க்கு 1500 முதல் 2500, 386க்கு 4000 முதல் 8000, 486 டிஎக்ஸ்2 66க்கு 25,000 என்று தொடங்குங்கள். பென்டியம் கேட்கும் கேமுக்கு 60,000க்கு மேல் போகும். பெட்டியில் போட்ட குறைந்தபட்சச் செயலியைவிட ஒரு படி மேலே வைத்தால் சரியாக இருக்கும். பொருந்திய எண்ணை அந்த கேமின் தனி கான்ஃபிக் கோப்பில் எழுதிவையுங்கள். எல்லா கேமுக்கும் பொதுவான கான்ஃபிக்கில் எழுதினால் அடுத்த கேம் நொண்டும்.

சைக்கிளை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் கேடுதான். உங்கள் கணினி தாங்காத எண்ணைக் கொடுத்தால் முதலில் ஒலி வெட்டும், பிறகு படம் திணறும். "மெதுவாக இருக்கிறது" என்று இன்னும் கூட்டுவார்கள், இன்னும் மோசமாகும். ஒலி வெட்டினால் குறைத்துப் பாருங்கள்.

"ரன்டைம் எர்ரர் 200" என்று சொல்லி வெளியேறினால் அந்த கேம் போர்லாண்ட் பாஸ்கலில் எழுதப்பட்டது. தொடங்கும்போது அது 55 மில்லிவினாடியில் எத்தனை முறை ஒரு வெற்றுச் சுற்று ஓடுகிறது என்று எண்ணி, 55ஆல் வகுக்கும். வேகமான செயலியில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. செயலி அதை வகுத்தல் பிழை என்று நிறுத்திவிடும். சைக்கிளைக் குறைத்துத் தொடங்கி, மெனு வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸ் கேம்களில் வேகக் கோளாறு வேறு விதமாக வரும். 144 ஹெர்ட்ஸ் திரையில் இயற்பியலே கெட்டுப்போகும். திரையை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அல்லது ரிவாடியூனர் கருவியில் அந்த இஎக்ஸ்இக்கு மட்டும் 60 என்று வரம்பு போடுங்கள். என்விடியா அட்டை இருந்தால் அதன் கன்ட்ரோல் பேனலிலும் இந்த வரம்பு உண்டு. படம் முன்னும் பின்னும் தாவுவது போலிருந்தால் பல கோர் செயலியால் வரும் குழப்பமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் இஎக்ஸ்இயை ரைட் கிளிக் செய்து, செட் அஃபினிட்டியில் ஒரே ஒரு கோரை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் பாருங்கள்.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை அணைக்காதீர்கள். அணைத்தால் படம் வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் கார் ஓட்டமும் நீச்சலும் கெட்டுவிடும்.

## சத்தமே இல்லை, அல்லது ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது

டாஸ் கேமின் செட்டப் கேட்கும் 220, 7, 1 என்ற எண்கள் சிங்கப்பூரில் பிறந்த ஓர் அட்டையுடன் வந்தவை. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. யமஹாவின் ஓபிஎல்2 இசைச் சில்லும், பதிவுசெய்த குரலை ஒலிக்கும் பகுதியும் ஒரே அட்டையில் வந்தன. கேம் எழுதுபவர்கள் அனைவரும் அதற்கேற்ப எழுதத் தொடங்க, மற்ற அட்டைத் தயாரிப்பாளர்களும் "சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது" என்று பெட்டியில் போட வேண்டியதாயிற்று. டாஸ்பாக்ஸ் உங்கள் கணினிக்குள் இன்றும் அந்த அட்டையைப் போலவே நடிக்கிறது.

எனவே செட்டப்பில் ஆட்டோ டிடெக்டை நம்பாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1, ஹை டிஎம்ஏ 5. சவுண்ட் பிளாஸ்டர் 16 பட்டியலில் இல்லையென்றால் ப்ரோ, அதுவும் இல்லையென்றால் வெறும் சவுண்ட் பிளாஸ்டர். சில செட்டப்களில் ஐஆர்க்யூ 5 மட்டுமே இருக்கும். அப்போது டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்கில் ஐஆர்க்யூவை 5 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த எண் தப்பு என்பதை ஒலியே சொல்லிவிடும். "அட்டை இல்லை" என்று செட்டப் சொன்னால் முகவரி தப்பு. துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தின் முதல் துண்டு மட்டும் கீறல் விழுந்த இசைத்தட்டைப் போலத் திரும்பத் திரும்ப வந்தால் ஐஆர்க்யூ தப்பு. ஒரு துண்டை ஒலித்து முடித்ததும் அட்டை அந்தக் கம்பியில்தான் சைகை கொடுக்கும். கேம் வேறு கம்பியில் காத்திருப்பதால் அடுத்த துண்டு வராது. அட்டை கிடைத்தது, இசையும் வருகிறது, குரல் மட்டும் இல்லை அல்லது இரைச்சல் என்றால் டிஎம்ஏவைப் பாருங்கள்.

குரல் எல்லாம் சரி, இசை மட்டும் இல்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். இசை சிடி தடமாக இருந்தால் மேலே சொன்ன கியூ, பின் விஷயம். ஜெனரல் மிடி என்றால் முகவரி 330. ஸ்டேஜிங் பதிப்பில் ஃபுளூயிட்சின்த் உள்ளேயே இருக்கிறது, ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பு மட்டும் கொடுத்தால் போதும். 1988க்குப் பிந்தைய சியரா கேம்களில் ரோலண்ட் எம்டி-32 தேர்வு இருந்தால் அதற்கு ஜெனரல் மிடி மாற்றாகாது. கருவிகளின் வரிசை எண்கள் வேறு என்பதால் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கேட்கும். மன்ட் என்ற எமுலேட்டரும் அந்தக் கருவியின் ரோம் கோப்புகளும் வேண்டும். எம்டி-32க்காக எழுதிய இசையை அதிலேயே கேட்பதற்கு இந்தச் சிரமம் தகும்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி கேம்களில் குகைக்குள் போனால் எதிரொலி வர வேண்டும். வராவிட்டால் இஏஎக்ஸ் என்ற எதிரொலி வசதி வேலை செய்யவில்லை. 2007இல் வந்த விஸ்டா, டைரக்ட்சவுண்ட் அட்டையை நேராகத் தொடும் வழியை அடைத்துவிட்டது. சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு கிரியேட்டிவின் ஆல்கெமி உண்டு. அட்டை இல்லாதவர்களுக்கு டிஎஸ்ஓஏஎல். இரண்டும் டிசவுண்ட்.டிஎல்எல் என்ற கோப்பை கேமின் ஃபோல்டரில் வைத்து வேலை செய்கின்றன. வைத்த பிறகு கேமின் ஒலி மெனுவில் இஏஎக்ஸை நீங்களே இயக்க வேண்டும்.

## நிறம் கெட்டுப்போகிறது, திரை கறுப்பாகிறது, படம் அகலமாகிறது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிவது பலருக்கும் பழக்கம். 256 நிறத் தட்டை விண்டோஸும் கேமும் மாற்றி மாற்றி எழுதுவதால் வருவது அது. டைரக்ட்டிரா கேம்களுக்கு சிஎன்சி-டிடிரா சிறந்த மருந்து. பிரித்துவந்த டிடிரா.டிஎல்எல்லைக் கேமின் இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். விண்டோஸ் அந்த ஃபோல்டரைத்தான் முதலில் தேடும் என்பதால் சிஸ்டம் கோப்பு எதையும் தொட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் கோப்பை அழித்தால் பழையபடி. சிஸ்டம்32க்குள் போடச் சொல்லும் வழிகாட்டி எதையும் பின்பற்றாதீர்கள்.

முப்பரிமாண கேம்களுக்கும், 3டிஎஃப்எக்ஸ் கிளைடு கேட்பவற்றுக்கும் டிஜிவூடூ2. அதன் எம்எஸ் ஃபோல்டருக்குள் (கிளைடு கேம் என்றால் 3டிஎஃப்எக்ஸ் ஃபோல்டருக்குள்) எக்ஸ்86 என்ற பகுதியில் உள்ள டிஎல்எல்களையும் டிஜிவூடூசிபிஎல்.இஎக்ஸ்இயையும் கேமின் ஃபோல்டரில் நகலெடுங்கள். கேம் 32 பிட் என்பதால் உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் எக்ஸ்86தான். எக்ஸ்64 எடுத்து வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். ஓரத்தில் அதன் சின்னம் தெரிந்தால் டிஎல்எல் ஏறிவிட்டது என்று பொருள். உறுதிசெய்துகொண்டு, சிபிஎல்லில் வாட்டர்மார்க்கை அணைத்துவிடலாம். கிளைடு மட்டும் போதும் என்றால் என்கிளைடு இன்னும் எளிது.

லினக்ஸில் வைன் வழியாக ஓட்டும்போது இந்த டிஎல்எல்லை வைத்தால் மட்டும் போதாது. வைன் தன்னுடைய டிடிராவையே எடுத்துக்கொள்ளும். வைன்சிஎஃப்ஜியின் லைப்ரரீஸ் பக்கத்தில் டிடிராவைச் சேர்த்து நேட்டிவ் முதலில் என்று வையுங்கள்.

முகங்கள் உப்பலாக, வட்டம் முட்டையாகத் தெரிந்தால் விகிதம் தப்பு. டாஸ் கேமின் 320க்கு 200 படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். 1080 வரித் திரையில் 1440க்கு 1080 படமும், இரு பக்கமும் 240 புள்ளிக் கறுப்புப் பட்டையும் வந்தால் சரி. 1440 வரித் திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: 1600க்கு 1200 அதில் அடங்கும். அகலம் சரியாக 5 மடங்கு, உயரம் சரியாக 6 மடங்கு என்பதால் ஒரு புள்ளிகூடப் பிசிறடிக்காது.

திரையின் மூலை மட்டும் தெரிகிறது, மவுஸ் காட்டும் இடமும் கிளிக் விழும் இடமும் வேறு என்றால் விண்டோஸின் 125, 150 விழுக்காட்டு உருப்பெருக்கம்தான் காரணம். இஎக்ஸ்இயின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், கீழே உள்ள ஓவர்ரைடு பெட்டியை டிக் செய்து அப்ளிகேஷன் என்று தேர்ந்தெடுங்கள்.

## தொடங்கியதும் மூடிக்கொள்கிறது

டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 2010 ஜூன் தொகுப்பை நிறுவுங்கள். டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அந்தத் துணைக் கோப்புகள் அதில் இல்லை. டிஎல்எல்லை ஒற்றையாகத் தரும் தளங்களை நாடாதீர்கள். விஷுவல் சி++ தொகுப்பு கேட்டால் எக்ஸ்86 பதிப்பு.

டைரக்ட்பிளே கேட்டால் கன்ட்ரோல் பேனல், புரோகிராம்ஸ், டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப், லெகசி காம்போனன்ட்ஸ், அதற்குள் டைரக்ட்பிளே.

க்வேக் இஞ்சினில் எழுதிய ஓப்பன்ஜிஎல் கேம்கள் சில, கிராஃபிக்ஸ் அட்டை சொல்லும் வசதிப் பட்டியலைச் சிறிய இடத்தில் நகலெடுக்கும். இன்றைய அட்டைகளின் பட்டியல் அதைவிடப் பல மடங்கு நீளம் என்பதால் கேம் நொறுங்கும். என்விடியா டிரைவரில் எக்ஸ்டென்ஷன் லிமிட் என்ற தேர்வு இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் மெசா டிரைவர் என்றால் மெசா_எக்ஸ்டென்ஷன்_மேக்ஸ்_இயர் என்ற மாறிக்கு 2002 என்று கொடுத்துத் தொடங்குங்கள்.

## நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுவிட்டது

விண்டோஸைத் திட்டுவதற்கு முன் ஒரு நிஜ உதாரணம். விண்டோஸ் 11 24எச்2 வந்த பிறகு சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் காணாமல் போனது. காரணம் கேமிலேயே 2005 முதல் இருந்தது. வாகனங்களின் பட்டியல் கோப்பில் அந்த விமானத்தின் வரியில் மட்டும் சக்கர அளவு விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதையே கேம் எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் முந்தைய வாகனத்தின் அளவு அங்கே தற்செயலாக அழியாமல் கிடந்தது. 24எச்2இல் விண்டோஸின் உள் நிரல் ஒன்று அந்த இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. சைலன்ட்பேட்ச் என்ற ஆர்வலர் ஒட்டு இதைச் சரிசெய்கிறது. எனவே அப்டேட்டை நீக்க ஓடாமல், கேமுக்கு ஆர்வலர்கள் பராமரிக்கும் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொடரின் கணினிப் பதிப்புகளுக்குச் சைலன்ட்பேட்ச் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

## சேவ் செய்த ஆட்டம் மாயமாகிறது

கேமை புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவியிருப்பீர்கள். அந்த ஃபோல்டரில் எழுத விண்டோஸ் விடாது. எழுதுவதை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். ஒரு நாள் அட்மினாகவும் மறுநாள் சாதாரணமாகவும் ஓட்டினால் இரண்டு வெவ்வேறு சேவ் பட்டியல் தெரியும். விர்ச்சுவல்ஸ்டோரில் கிடப்பதை எடுத்துக்கொண்டு, கேமை சி:\கேம்ஸ் ஃபோல்டரில் மறுபடி நிறுவுங்கள்.

## நெட்வொர்க்கில் ஒருவரையொருவர் தெரியவில்லை

தீபாவளிக்கு வீட்டில் கூடும் அண்ணன் தம்பிகள் நான்கு மடிக்கணினியை வைத்துக்கொண்டு அதிகம் மல்லாடுவது இங்கேதான். தொண்ணூறுகளின் கேம்கள் ஐபிஎக்ஸ் பேசும். விண்டோஸ் அதை விஸ்டாவிலேயே கைவிட்டது. டாஸ் கேம் என்றால் எல்லா டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்கிலும் ஐபிஎக்ஸை ட்ரூ ஆக்கி, ஒருவர் "ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர்" தட்ட, மற்றவர்கள் "ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட்" என்று அவருடைய ஐபி முகவரியைத் தர வேண்டும். யூடிபி 213 வழியாகப் பேசும். விண்டோஸ் கேம் என்றால் ஐபிஎக்ஸ்ராப்பர்.

அதன் பிறகும் தெரியவில்லையா? எல்லோரும் ஒரே வைஃபையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். விருந்தினருக்காகத் திறந்துவிட்ட கெஸ்ட் வைஃபை ஒரு கணினி இன்னொன்றைப் பார்க்க விடாது. அடுத்து, விண்டோஸ் ஃபயர்வால் வீட்டு நெட்வொர்க்கை பப்ளிக் என்று வைத்திருக்கும். பிரைவேட் ஆக்குங்கள். ஒருவர் தெம்பனிசிலும் இன்னொருவர் ஜூரோங்கிலும் இருந்தால் ஸீரோடயர் போட்டு ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் இணையலாம்.

## மேக் வைத்திருப்பவர்களுக்கு

2019இல் வந்த கேட்டலினா 32 பிட் நிரல்களை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய மேக் கேம்கள் பெரும்பாலும் புதிய மேக்கில் ஓடாது. அதே கேமின் விண்டோஸ் பதிப்பை கிராஸ்ஓவரில் ஓட்டுவது எளிது. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கும் ஸ்கம்விஎம்மும் ஆப்பிள் சில்லில் நேராகவே ஓடும். பதிவிறக்கியதை மேக் திறக்க மறுத்தால் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழே ஓப்பன் எனிவே. எஃப்11, எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

## எதற்கும் மசியாத கேம்

முழுப் பழைய கணினியையே உருவாக்கிவிடுங்கள். 86பாக்ஸ் என்ற எமுலேட்டர், செயலி முதல் ஒலி அட்டை வரை ஒவ்வொரு பாகமாகவும் தனித்தனியாக நடிக்கும். ரோம் தொகுப்பைத் தனியாக இறக்கி அதன் ஃபோல்டரில் வைக்க வேண்டும். 98 காலத்து கேமுக்கு பென்டியம் எம்எம்எக்ஸ் 200, 64 எம்பி நினைவகம், எஸ்3 விர்ஜ், அதனுடன் வூடூ, சவுண்ட் பிளாஸ்டர் 16 என்று பொருத்தி விண்டோஸ் 98 எஸ்இ நிறுவுங்கள். செயலியின் ஒவ்வொரு வேலையையும் பின்பற்றுவதால் இது உங்கள் கணினியை நன்றாக வேலை வாங்கும். அடியில் காட்டும் வேகம் 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பென்டியம் 166 அல்லது 133க்கு இறக்குங்கள்.

விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 98 போடுபவர்கள் நினைவகத்தை 512 எம்பிக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் அதன் கேஷ் பகுதி முகவரி இடத்தை விழுங்கி, நினைவகம் இல்லை என்று நிற்கும். முடித்த பிறகு விண்டோவை அப்படியே மூடாமல், உள்ளே ஸ்டார்ட், ஷட் டவுன் கொடுத்து மூடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.